பழைய நகரின் நடுவே வீடு வாங்குவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பழம்பெருமை கொண்ட நகர்மையப் பகுதியில் வீடு தேடுவோர் பெரும்பாலும் வீட்டைப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். உயரமான சன்னல்களும் தேய்ந்த கற்படிகளும் மனத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே விதிமுறைகளும் பழுதுகளும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அந்நிலையில் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்ள மனம் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த விளக்கம் வரிசையை மாற்றி அமைக்கிறது: முதலில் கட்டுப்பாடுகள், அடுத்து உரிமையின் வகை, பிறகு சுவர், கடைசியில் விலை. இத்தகைய இடங்களில் நாம் கொடுக்கும் தொகையின் பெரும்பகுதி நிலத்துக்கும் முகவரிக்கும் போகிறது என்பதால், கட்டடத்தின் உண்மையான நிலை விலையில் முழுமையாகத் தெரிவதே இல்லை. அதை நாமேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

படி 1: கட்டடத்தின் மீதுள்ள பாதுகாப்பை அறிதல்

பழமை கெடாமல் காக்கும் சட்டப் பாதுகாப்பு இரண்டு வகையில் வரும். சில நாடுகளில் தனிக் கட்டடமே மரபுக் கட்டடங்களின் பட்டியலில் இருக்கும். வேறு சில இடங்களில் ஒரு பகுதி முழுவதும் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வீட்டின் மீது சேர்ந்து விழுவதும் உண்டு. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931-ல் இத்தகைய பகுதியை வரையறுத்து முன்னோடியானது. பாஸ்டனின் பீக்கன் ஹில் 1955-லும், நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸ் 1965-லும் பாதுகாப்புக்குள் வந்தன. பாரிஸின் மாரே பகுதிக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1964-ல் அந்தத் தகுதி கிடைத்தது. சிங்கப்பூர் 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா முதலிய பகுதிகளின் பழைய கடைவீடுகளைப் பாதுகாப்பில் கொண்டுவந்தது.

பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் கட்டுப்பாட்டின் ஆழம் இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடும். பீக்கன் ஹில்லில் பொதுவழியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வெளிப்புற மாற்றங்களையே ஆணையம் பரிசீலிக்கிறது. கதவின் வண்ணமும் அதில் அடங்கும், ஆனால் உள்ளே சமையலறையை மாற்றுவது அதன் வேலையில்லை. இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் உட்புறமும் சேர்ந்தே பாதுகாக்கப்படுகிறது. அங்கே மூன்று தரநிலைகள் இருப்பதால், கடைசித் தரத்தில் உள்ள வீட்டுக்கு உள்ளே எதையும் செய்துகொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. பட்டியலிலுள்ள கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அந்தக் கடைசித் தரத்தைச் சேர்ந்தவையே, அவற்றின் மாடிப்படி, கணப்பு, கதவு, சாந்துப்பூச்சு ஆகியவற்றை மாற்றுவதற்கும் ஒப்புதல் தேவைப்படலாம்.

எனவே நகரத் திட்டமிடல் அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த முகவரியைத் தேடி, நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள்: வெளிப்புறத்தில் எதற்கு அனுமதி வேண்டும், உட்புறத்தில் எதற்கு வேண்டும், முடிவெடுப்பது யார், அதற்கு எவ்வளவு காலம் ஆகும். தரகர் வாயால் சொல்லும் உறுதியை இதற்கு விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைக் கண்ணாடிச் சன்னல், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி, கூரைமேல் சூரிய மின்தகடு, மாடித் தோட்டம் என்று எது இல்லாமல் உங்களால் அங்கே வாழ முடியாதோ, அதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது, முந்தைய உரிமையாளர் செய்த வேலை. இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை ஒப்புதலின்றிச் செய்வது குற்றம். செய்தவர் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருந்தாலும், பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி அமலாக்க அறிவிப்பு இன்றைய உரிமையாளருக்கு வரலாம்; இதற்குக் காலவரம்பும் கிடையாது. ஆகையால் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது புதிதாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் — அகற்றப்பட்ட இடைச்சுவர், மாற்றப்பட்ட சன்னல், பரண் இருந்த இடத்தில் முளைத்த அறை — குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய அனுமதி நகலைக் கேளுங்கள். பழைய வரைபடம் நகர ஆவணக் காப்பகத்தில் கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். 'அதெல்லாம் எங்களுக்கு முன்பே இருந்தது' என்ற பதில் விற்பவருக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

படி 2: எதை வாங்குகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

நகர்மையத்தில் நிலமும் வீடுமாகச் சேர்ந்து விற்பனைக்கு வருவது அரிது. பெரிய மாளிகைகள் அடுக்ககங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அவற்றின் உரிமை பலவிதமாக இருக்கும். இங்கிலாந்தின் பெரும்பாலான அடுக்கக வீடுகள் நீண்டகாலக் குத்தகையிலேயே விற்கப்படுகின்றன; மீதமுள்ள ஆண்டுகள் குறையக் குறையக் கடன் தரும் வங்கிகள் தயங்கும், குத்தகையை நீட்டிக்கும் செலவும் ஏறும். நியூயார்க்கின் கூட்டுறவுக் கட்டடங்களில் நீங்கள் வீட்டை நேரடியாக வாங்குவதில்லை. கட்டடத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பங்குகளையும், அந்த வீட்டில் வசிப்பதற்கான குத்தகையையும் வாங்குகிறீர்கள். அங்குள்ள நிர்வாகக் குழு, காரணம் சொல்லாமலேயே உங்களை நிராகரிக்கலாம்.

பரப்பளவையும் நம்பி ஏற்க வேண்டாம். சாய்ந்த கூரையின்கீழ் அமைந்த அறைகளில் விளம்பரம் சொல்லும் அளவு ஒன்றாகவும் நிமிர்ந்து நடக்க முடிகிற இடம் வேறாகவும் இருக்கும். பிரான்சில் 1996-ல் வந்த சட்டத்தின்படி, கூட்டுடைமைக் கட்டடங்களில் (வீடு தனித்தனியாகவும் பொது இடம் சேர்ந்தும் பலருக்குச் சொந்தமானவை) 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இடம் கணக்கில் சேராது. பத்திரத்தில் எழுதியதைவிட உண்மைப் பரப்பு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்து அதற்கேற்ப விலையைக் குறைக்கக் கோரலாம். உங்கள் நாட்டில் இத்தகைய சட்டம் இல்லையென்றால் அளவுநாடாவுடன் நீங்களே போங்கள்.

கூட்டுடைமைக் கட்டடமாக இருந்தால், கடந்த சில ஆண்டுகளின் உரிமையாளர் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். என் மதிப்பீட்டில் விற்பனை ஆவணங்கள் எல்லாவற்றையும்விட உண்மை பேசுவது இதுதான். கூரையை மாற்றும் செலவு மூன்று கூட்டங்களாகத் தள்ளிப்போடப்பட்டிருக்கும். மாதக் கட்டணத்தைக் கட்டாதவர் மீது வழக்கு நடந்துகொண்டிருக்கும். முகப்புக் கற்களைச் சரிசெய்ய நகராட்சி அனுப்பிய அறிவிப்பு ஒரே வரியில் கடந்துபோயிருக்கும். அந்தச் செலவில் உங்கள் பங்கு வீட்டின் விலைக்கு வெளியே இருக்கிறது.

படி 3: கடனையும் காப்பீட்டையும் முன்கூட்டியே விசாரித்தல்

வங்கியிடம் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று மட்டும் கேட்காமல், இந்த வகைக் கட்டடத்துக்குக் கடன் தருவார்களா என்றும் கேளுங்கள். காப்பீட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சந்தை விலைக்குக் காப்பீடு செய்வது தேவையற்றது, ஏனெனில் அதில் பெரும்பங்கு நிலத்தின் மதிப்பு, நிலம் எரிந்துபோகாது. சாதாரணக் கட்டுமானச் செலவைக் கணக்கிட்டாலும் போதாது, ஏனெனில் செதுக்கிய கல்லையும் கையால் செய்த செங்கல்லையும் கொண்டு பழையபடியே எழுப்பும் கடமை உங்களுக்கு இருக்கலாம். மறுகட்டுமானச் செலவைப் பழைய கட்டடங்களை அறிந்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் தனியாகக் கணக்கிட்டு வாங்குங்கள்.

படி 4: தெருவை வேளை மாற்றிப் பார்த்தல்

ஞாயிறு காலையில் அமைதியாக இருக்கும் கல்பாவிய தெரு வெள்ளி இரவில் வேறு முகம் காட்டும். குப்பை வண்டி எங்கே நிற்கும், வாகனம் நிறுத்த அனுமதிச் சீட்டு கிடைக்குமா, அறைகலனை மாடிக்கு ஏற்ற வழி இருக்கிறதா, பக்கத்து வீடுகளில் எத்தனை, சுற்றுலாப் பயணிகளின் நாள்வாடகைக்குப் போய்விட்டன என்பனவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: சுவரைப் படித்தல்

பழைய சுவர்கள் இன்றைய சுவர்களைப் போல நடந்துகொள்வதில்லை. நடுவே இடைவெளி இல்லாமல் தடிமனாக, சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்ட அவை ஈரத்தை உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் மெல்ல வெளிவிட்டு உலர்கின்றன. பிற்காலத்தில் யாராவது நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசியோ, காற்றுப் புகாத வண்ணம் அடித்தோ அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் உள்ளேயே தங்கி ஓதம் ஏறுகிறது. பூச்சை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே நடங்கள்: திடமாக ஒலித்துவந்த சுவர் திடீரென்று பொள்ளலாக ஒலித்தால், அங்கே காரை சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. சுவரின் அடியில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே ஓதம் இருக்கிறது; தரையிலிருந்து இடுப்பளவு மட்டும் புதிய வண்ணம் அடித்திருந்தால், விற்பதற்காக அதை மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஈரச் சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையே முதலில் உளுத்துப்போகும் என்பதால், அனுமதி பெற்று அங்கே ஊசி ஒன்றைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் அதை உள்ளே விடாது.

விரிசலைக் கண்டதும் ஓடிவிட வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழைய வீட்டில் விரிசலே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. உள்ளே பழைய வண்ணமும் அழுக்கும் படிந்திருந்தால் அது வெகுநாளாக இருப்பது. ஓரங்கள் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தால் புதியது. மேலே அகன்று கீழே குறுகும் விரிசல், சுவரின் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். கதவுகளின் மேல்விளிம்பையும் கவனியுங்கள்: நிலை ஒருபக்கம் சாய்ந்ததற்கேற்பக் கதவு ஆப்புவடிவில் சீவப்பட்டிருந்தால், அந்த வீடு என்றோ இறங்கி நின்றிருக்கிறது. சீவிய இடத்தில் பழைய வண்ணம் இருந்து, கதவும் நிலையும் இன்றும் பொருந்தினால் பெரும்பாலும் கவலையில்லை. பொருந்தாமல் மறுபடியும் இடைவெளி விழுந்திருந்தால் இறக்கம் தொடர்கிறது.

அஸ்திவாரத்தைப் பற்றி அந்தப் பகுதியின் வரலாறே சொல்லும். பாஸ்டனின் பேக் பே, சதுப்பைத் தூர்த்து உருவாக்கிய நிலம். அதன் வீடுகள் மரக்கழிகள் மீது நிற்கின்றன. அந்தக் கழிகள் நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை கெடுவதில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டதும் தலைப்பகுதி உளுக்கத் தொடங்கும், அவற்றை மாற்றும் செலவு மிகப் பெரியது. இதைக் கண்காணிக்கவே 1986-ல் அங்கே நிலத்தடி நீருக்கான அறக்கட்டளை ஏற்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளும் மரக்கழிகள் மேல் நிற்பவைதான். உங்கள் பகுதி ஆற்றங்கரையோ, தூர்த்த நிலமோ, பழைய சுரங்கமோ என்பதை நிலவியல் வரைபடத்தில் பாருங்கள்.

கண்ணில் படாதவற்றில் நான்கைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: துணி சுற்றிய பழைய மின்கம்பி, ஈயக் குழாய், ஈயம் கலந்த வண்ணம், கல்நார் (அஸ்பெஸ்டாஸ்). அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளை விற்பவர், ஈய வண்ணம் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குப் பத்து நாள் தர வேண்டும். பிரான்சில் 1949-க்கு முந்தைய குடியிருப்புகளுக்கு ஈய ஆய்வறிக்கை கட்டாயம்.

பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவர் இருந்தால் அயலார் தோண்டும் நிலவறையும் உங்கள் பிரச்சினைதான். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுச்சுவரில் வேலை செய்யவும், அருகே உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டவும் உங்களுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும்.

இவ்வளவையும் நீங்கள் முதற்பார்வையாகச் செய்துவிட்டு, பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளரை அமர்த்துங்கள். தரகர் பரிந்துரைப்பவரை எடுக்க வேண்டாம்; அவருடைய அடுத்த வேலையும் அந்தத் தரகரிடமிருந்தே வரப்போகிறது. புதுக் கட்டடங்களை மட்டுமே பார்த்தவரும் உதவமாட்டார், ஓதத்தைக் கண்டதும் சிமென்ட் பூசச் சொல்லிவிடுவார். நல்ல மழைக்கு மறுநாள் அவரை அழைத்துச் செல்வது சிறந்தது.

படி 6: விலையைக் கணக்கிடுதல்

அதே தெருவில் அண்மையில் பதிவான விற்பனை விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலைகள் ஆசையை மட்டுமே காட்டும். அதிலிருந்து பொறியாளர் குறித்த பழுதுகளின் செலவைக் கழியுங்கள், ஆனால் சாதாரண விலைப்பட்டியலை வைத்துக் கழிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஓடு, மரச்சட்டம், சாந்து எல்லாம் பழைய வகையிலேயே இருக்க வேண்டியிருக்கும். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைவு, காத்திருக்க வேண்டும். அனுமதி வரும்வரை வேறிடத்தில் கட்டும் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரைத் திறந்த பிறகுதான் தெரியும் பழுதுகளுக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். அதை ஒதுக்கியபின் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றால் இந்த வீடு உங்கள் வசதிக்கு மேற்பட்டது.

விலைப்பேச்சில் முகவரியின் மதிப்பைப் பற்றி வாதிட்டுப் பயனில்லை. பொறியாளரின் அறிக்கையையும் வேலைக்கான மதிப்பீட்டையும் மேசைமீது வைத்துப் பேசினால், விற்பவர் தொகையைக் குறைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. போட்டி மிகுந்த தெருக்களில் ஆய்வு நிபந்தனையை, அதாவது ஆய்வறிக்கை திருப்தியளித்தால் மட்டுமே வாங்குவேன் என்பதை, விட்டுக்கொடுக்கும்படி வற்புறுத்துவார்கள். புது அடுக்ககத்தில்கூடத் துணிகரமான அந்தச் செயலை இங்கே செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 7: ஒப்பந்தமும் அதன் பின்னும்

ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதச் செய்யுங்கள்: ஆய்வறிக்கை திருப்தியளிக்க வேண்டும், கடன் கிடைக்க வேண்டும், முந்தைய மாற்றங்கள் அனைத்துக்கும் உரிய அனுமதிகள் இருக்க வேண்டும். அனுமதி இல்லாத மாற்றம் ஏதேனும் இருந்தால், விற்பவரே பின்னொப்புதல் பெற்றுத் தரட்டும், அல்லது சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொள்ளட்டும். கணப்பு, பழைய கதவுக் கைப்பிடிகள், வண்ணக் கண்ணாடி, சரவிளக்கு போன்றவை வீட்டோடு சேர்ந்தவை என்று பட்டியலிட்டுப் படத்துடன் இணையுங்கள். இவை தனியாக விற்றாலும் நல்ல விலை போகும் என்பதால், சாவி கைமாறுவதற்குள் காணாமல் போவதுண்டு. பதிவுக்கு முதல்நாள் அந்தப் பட்டியலுடன் ஒருமுறை சென்று சரிபாருங்கள்.

குடியேறியதும் ஒழுகும் கூரை, ஆபத்தான மின்கம்பி ஆகிய அவசர வேலைகளை மட்டும் முடித்துவிட்டு, மழைக்காலமும் வெயில்காலமும் ஒரு சுற்று வந்து போகும்வரை பெரிய மாற்றங்களை நிறுத்திவையுங்கள். எந்தச் சுவர் உலர்கிறது, எந்த விரிசல் நகர்கிறது என்பதைப் பென்சிலால் தேதியிட்டுக் குறித்துவாருங்கள். பெறும் ஒவ்வொரு அனுமதியையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள்; நீங்கள் விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.