சேலத்தில் டைனோ ஏற்றும் போட் இன்ஜின் கடலில் தாங்க வேண்டுமானால்

தொப்பூர் மேடு ஏறும் லாரிக்குக்கூட உச்சி வந்ததும் ஓய்வு உண்டு. வேகப்படகு இன்ஜினுக்கு இறக்கம் என்பதே கிடையாது. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் அரை மணி நேரம் அப்படியே முழு லோடில் ஓடும். லாரி, கார் பழகிய கைகள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். டைனோவில், அதாவது இன்ஜினுக்கு லோடு கொடுத்துச் சக்தியை அளக்கும் கருவியில், பத்து நொடி இழுத்துப் பார்த்து உச்சக் குதிரைத்திறனைப் பிரிண்ட் எடுப்பது போட் இன்ஜினுக்கு டெஸ்டே இல்லை. லோடில் நிறுத்தி, சூடு நிலைக்கும்வரை ஓட்ட வேண்டும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 5,000 ஆர்.பி.எம்.மில் 300 குதிரைத்திறன், அதாவது 224 கிலோவாட் தரும் வி8 பெட்ரோல் இன்போர்டு (படகுக்குள் பொருத்தும்) இன்ஜினுக்கும், தண்ணீரைச் சுழற்றி லோடு தரும் வாட்டர் பிரேக் டைனோவுக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் தரும் சக்தி முழுவதும் டைனோ தண்ணீரில் சூடாக இறங்குகிறது. 25 டிகிரி ஏற்றத்துக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 130 லிட்டர் ஓட வேண்டும். சித்திரையில் தொட்டித் தண்ணீரே 33 டிகிரி இருக்கும். 5,000 லிட்டர் தொட்டியில் சுழல விட்டு 20 நிமிடம் முழு லோடு கொடுத்தால் தொட்டி கிட்டத்தட்ட 13 டிகிரி ஏறிவிடும். வெளியேறும் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும். 60, 65க்கு மேல் போனால் டைனோவில் சுழலும் ரோட்டருக்குள் ஆவிக்குமிழ் உருவாகி லோடு மேலும் கீழும் ஆடும், உலோகமும் அரிக்கும். 10,000 லிட்டர் இருந்தால் நிம்மதி. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரையும் இதே தொட்டியில் திருப்பி விடாதீர்கள். அந்தச் சூடும் சேர்ந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமியான சேலத்தின் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ரோட்டர் குழிகளில் உப்புப் படியும். மேட்டூர்த் தண்ணீரோ மென்மையாக்கிய தண்ணீரோ போதும்.

அடுத்தது டார்க் ஆர்ம், அதாவது இன்ஜினின் முறுக்குவிசையை அளவிக்குக் கடத்தும் கை. அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அரை மீட்டர் ஆர்மில் 20 கிலோ எடை தொங்கவிட்டால் 98.1 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். 20, 40, 60, 80 என்று ஏற்றுங்கள், அதே வரிசையில் இறக்குங்கள். ஏற்றும்போது ஒன்றும் இறக்கும்போது வேறொன்றும் காட்டினால் டைனோ உடலைத் தாங்கும் டிரன்னியன் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு ஹோஸ் ஆர்மைத் தாங்கிப் பிடிக்கிறது. பெரும்பாலும் ஹோஸ்தான்.

இன்ஜினைப் படகில் இருக்கும் கோலத்திலேயே ஏற்றுங்கள்: சுற்றித் தண்ணீர் ஓடும் அதே வாட்டர் ஜாக்கெட் மேனிஃபோல்டு, அதே எக்ஸாஸ்ட் எல்போ, காற்று வாயில் தீ வெளியேறாமல் தடுக்கும் அதே ஃப்ளேம் அரெஸ்டர். உலர்ந்த ஹெடரும் திறந்த காற்று வாயும் வைத்து எடுத்த எண் படகில் வராது. கடல் தண்ணீரை இழுக்கும் ரா வாட்டர் பம்ப் தானே வாளியிலிருந்து உறிஞ்சட்டும். மோட்டார் வைத்து அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தினால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் எக்ஸாஸ்ட் நிரம்பி சிலிண்டருக்குள் இறங்கும். அதன்பிறகு ஒரு தட்டு செல்ஃப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓவர்லேப் (இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம் போட்ட இன்ஜின் ஐடிலில் எக்ஸாஸ்ட் தண்ணீரைத் தானே உள்ளிழுக்கும். இறக்கியதும் பிளக் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அதுதான் காரணம். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் லாம்டா சென்சாரைத் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு முன்னால், மேல் நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். ஒரு துளி பட்டாலும் அதன் பீங்கான் விரிசல் விடும்.

ஸ்டார்ட் செய்ததும் லோடு கொடுக்க அவசரம் வேண்டாம். ஆயில் 80 டிகிரி வரட்டும். முழு லோடில் ஆயில் 100 முதல் 115க்குள் நிலைத்து நிற்க வேண்டும்; நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ட்யூனிங்கை நிறுத்திவிட்டு ஆயில் கூலரைப் பாருங்கள்.

இனி ட்யூனிங். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 5,000இல் 300 குதிரைத்திறன் என்றால் 4,000இல் 154, 3,500இல் 103, 3,000இல் 65 மட்டுமே. படகு வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கோட்டில்தான் கழிக்கும், எனவே மேப்பில் (இன்ஜின் கணினியான ஈ.சி.யூ.வின் பெட்ரோல், டைமிங் அட்டவணையில்) முதலில் இந்தக் கோட்டைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸாஸ்ட் வெப்பம் அசையாமல் நிற்கும்வரை நிறுத்துங்கள். படகு நீர்மட்டத்துக்கு மேல் எழும் நேரத்தில் மட்டும் லோடு இந்தக் கோட்டைவிட அதிகம்; 2,500 முதல் 3,500 வரை முழு த்ராட்டில் கட்டங்களையும் அதற்காக நிரப்ப வேண்டும். இந்தக் கட்டங்களை விட்டுவிட்டால் ஆள் ஏறிய படகு எழும்போது நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும். பில்ஜ் (படகின் அடிப்பகுதி) சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

லாம்டா 1 என்றால் சமநிலைக் கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம். முழு த்ராட்டிலில் லாம்டா 0.80 முதல் 0.84, குரூஸில் 0.92க்கு மேல் போகலாம். காற்று-பெட்ரோல் விகித எண்ணைத் துரத்தாதீர்கள். பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குச் சமநிலை விகிதம் 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5. பழைய எண்ணை மனதில் வைத்து மேப் போட்டால் கலவை மெலிந்துவிடும்.

ஸ்பார்க் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி டார்க்கைப் பாருங்கள். ஏறுவது நின்ற இடத்திலிருந்து 2 டிகிரி பின்னால் வைத்துவிடுங்கள். இழப்பது ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர், பிஸ்டன் பிழைக்கும். நாக்கிங் முதலில் கேட்டால் அங்கிருந்து இன்னும் அதிகமாகவே பின்வாங்குங்கள்.

சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல்தான். ஈரப்பதத்தின் பங்கைக் கழித்த உலர் அழுத்தம் 96, காற்று 38 டிகிரி என்று, அளந்த சக்தியைப் பொதுவான வானிலைக்குத் திருத்தும் எஸ்.ஏ.இ. ஜே1349 சூத்திரத்தில் போட்டால் திருத்தம் 1.063 வரும், அளந்தது 282 என்றால் திருத்தியது 300. வெப்பமானி ஃப்ளேம் அரெஸ்டர் வாயில் இருக்க வேண்டும். சுவரில் தொங்கினால் இன்ஜின் உண்மையில் இழுக்கும் சூடான காற்று கணக்கில் வராது. திருத்தம் 7 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று ஏற்காட்டுக்குத் தூக்கிப் போவதும் வீண்: 1,500 மீட்டரில் அழுத்தம் 85க்கும் கீழே, திருத்தம் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். டர்போ டீசலுக்கு இந்தச் சூத்திரம் வேண்டாம், அதற்குக் கணக்கு வேறு.

திருத்தம் காகிதத்தில் மட்டும்தான் நடக்கிறது, இன்ஜினுக்குத் தெரியாது. த்ராட்டில் திறப்பையும் ஆர்.பி.எம்.மையும் மட்டும் பார்த்துப் பெட்ரோல் விடும் மேப்பாக இருந்தால், இங்கே 0.82 வைத்தது கடல் மட்டத்தில் 0.85 ஆகிவிடும், அங்கே காற்று 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஈ.சி.யூ.வில் காற்றழுத்தத் திருத்தத்தை இயக்குங்கள். அந்த வசதி இல்லாத ஈ.சி.யூ. என்றால் முழு லோடுக் கட்டங்களில் 3 சதவீதம் பெட்ரோலைக் கூட்டி அனுப்புங்கள்.

கடைசியாக 20 நிமிட முழு லோடு ஓட்டம். முடிந்ததும் சட்டென்று அணைக்காமல் லோடைக் குறைத்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பளபளக்கும் செதில் இருந்தால் இன்ஜின் லாரி ஏறக்கூடாது. லீக்டவுன் (சிலிண்டரின் காற்றுக் கசிவு) எண்களை முன்பு எடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

ஷீட்டோடு 5,000 ஆர்.பி.எம். என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆட்கள், ஐஸ், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய படகு முழு த்ராட்டிலில் 4,600தான் தொடுகிறது என்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) இரண்டு அங்குலம் குறைய வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்.பி.எம். கிடைக்கும்.