ஜாவாஸ்கிரிப்ட் அரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரேயில் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) ஒரு மெத்தடைக் (அதன் மேல் வேலை செய்யும் ஃபங்ஷன்) கூப்பிடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது இருக்கிற அரேயையே மாற்றுமா, புதிதாக ஒன்றைத் தருமா? நான் பார்த்த அரே பிழைகளில் பாதிக்கு மேல் இதைக் கேட்காததால் வந்தவைதான்.

வரிசைப்படுத்தும் சார்ட்டை (sort) எடுத்துக்கொள்வோம். 10, 9, 1 இருக்கும் அரேயில் வெறும் சார்ட் போட்டால் 1, 10, 9 என்று வரும், ஏனென்றால் ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் அது எண்களை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துக்கோவையாக, மாற்றித்தான் ஒப்பிடும், ஸ்ட்ரிங்காகப் பார்த்தால் 10-இன் முதல் எழுத்தான 1 எப்போதும் 9-க்கு முன்னால்தான். ஏறுவரிசை வேண்டுமென்றால் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஃபங்ஷனைக் கட்டாயம் கொடுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் தந்தால் போதாது. அப்புறம், சார்ட் அதே அரேயைத்தான் கலைத்து அடுக்கும். விடையை வேறு பெயரில் வாங்கினாலும் இரண்டு பெயரும் ஒரே அரேதான். ஒருமுறை மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்திக் காட்டப் போய், அதே அரேயைக் காட்டிய இன்னொரு திரையில் வருகைப்பதிவின் வரிசையும் குலைந்துபோக, காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2023 பதிப்பான இஎஸ்2023-இல் வந்த டூசார்ட்டட் (toSorted) புதிய அரேயைத் தரும். அது இல்லாத பழைய பிரவுசர் என்றால் ஸ்லைஸ் போட்டு நகலெடுத்து அடுக்குங்கள். ஸ்ப்லைஸ் அல்ல, அது மூலத்தையே வெட்டிவிடும்.

ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துச் செல்லும் ஃபார்ஈச் (forEach) ஓடும்போதே உள்ளே ஸ்ப்லைஸ் வைத்து நீக்குவது இன்னும் மோசம். 1, 2, 2, 3-இலிருந்து 2-களை இப்படி நீக்கிப் பாருங்கள், ஒரு 2 அப்படியே மிஞ்சும்: முதல் 2 போனதும் அடுத்த 2 அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப்போ அடுத்த இண்டெக்ஸுக்குப் (இட எண்ணுக்கு) போய்விடுகிறது. வேண்டியவற்றை மட்டும் புதிய அரேயாகத் தரும் ஃபில்டர் இதற்காகவே இருக்கிறது.

ஃபார்ஈச்சுக்குள், ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் (await) போடுகிறவர்களும் நிறைய. ஃபார்ஈச் எதற்கும் காத்திருக்காது, கீழே இருக்கும் வரி முதலில் ஓடிவிடும். ஒன்று முடிந்து அடுத்தது என்றால் ஃபார்-ஆஃப் லூப், எல்லாம் சேர்ந்தே ஓடலாம் என்றால் ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிப் புதிய அரே தரும் மேப்பும், எல்லாம் முடியும்வரை காத்திருக்க பிராமிஸ்.ஆல்-உம் (Promise.all).

மூன்று இடமுள்ள அரேயை ஃபில் கொண்டு ஒரு காலி அரேயால் நிரப்பினால் மூன்று இடத்திலும் இருப்பது அதே ஒன்றுதான், ஒன்றில் புஷ் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) மூன்றிலும் தெரியும். அரே.ஃப்ரம்-இல் ஃபங்ஷன் கொடுத்தால் தனித்தனியாகக் கிடைக்கும்.

மேப்பில் சுருள் அடைப்புக்குறி போட்டுவிட்டு ரிட்டர்ன் மறந்தால் வருவதெல்லாம் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை. அரேயைச் சுருக்கி ஒரே விடையாக்கும் ரெட்யூஸுக்கு ஆரம்ப மதிப்பை எப்போதும் கொடுங்கள், அது இல்லாமல் காலி அரே வந்தால் டைப்எரர் என்ற பிழை வந்து நிரல் அங்கேயே நின்றுவிடும்.