பிரைடு பேரணியில் போர்ட்ரெய்ட் எடுக்கப் போகிறீர்களா?

ஜூன் மாதம் சென்னையில் தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் உள்ளிட்ட LGBTQ+ மக்களுக்காக நடக்கும் வானவில் (பிரைடு) பேரணியில் ஒருவரை நிற்க வைத்துப் படமெடுக்கும்போது, முதலில் அவருடைய வானவில் கொடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெயில் பட்ட கொடியைத் தோளில் போர்த்தியிருந்தால், அதன் சிவப்போ பச்சையோ தாடையில் ஏறி முகத்தின் நிறமே மாறிவிடும். நிழலுக்கு அழைத்து வாருங்கள், கொடியை ஒரு சாண் கீழே இறக்கச் சொல்லுங்கள், போதும். தோலை வெளுப்பாக்கும் பியூட்டி மோடு மட்டும் வேண்டவே வேண்டாம். அவர்கள் அவர்களாகத் தெரியத்தானே வந்திருக்கிறார்கள்!

அப்புறம், படமெடுக்கச் சம்மதம் வேறு, இன்ஸ்டாகிராமில் போடச் சம்மதம் வேறு. வீட்டில் சொல்லாமல் வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடுத்ததை உடனே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்து, போனின் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிடுங்கள். பின்னால் நிற்பவர் முகம் விழுந்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.