ரன்னுன்னா 'ஓடு'ன்னு மட்டும் எழுதி வைக்காதீங்க

இங்கிலீஷ்ல நம்மள படுத்தி எடுக்கறது பெரிய வார்த்தைங்க இல்லங்க, சின்னதுங்கதான். பெரிய வார்த்தைக்கு டிக்‌ஷனரில பாத்தா ஒண்ணோ ரெண்டோ அர்த்தம் இருக்கும், அதோட முடிஞ்சுது. ஆனா 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட ரெண்டாவது பதிப்புல 'செட்'டுக்கு மட்டும் 430 அர்த்தம், அப்பறம் அந்த அகராதிய திருத்துனப்போ 'ரன்' அதையும் தாண்டி வினைச்சொல்லா மட்டுமே 645க்கு போயிடுச்சு. இத மனப்பாடம் பண்ண உக்காந்தா ஆயுசு பத்தாது, பண்ணவும் வேணாம்.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல, ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி, அமெரிக்கால இருந்து கிளையண்ட் கால்ல "லெட் மீ ரன் திஸ் பை மை மேனேஜர்"னாரு. ரன் தெரியும், பை தெரியும், மேனேஜர் தெரியும். சரி மேனேஜரே பாத்து நடத்திடுவாரு போலன்னு நெனச்சு ஓகே ஆயிடுச்சுன்னு டீமுக்கு மெயில் போட்டுட்டேன். அவர் சொன்னது, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு. அன்னிக்கு ஆறு பேரு ராத்திரி வரைக்கும் செஞ்ச வேலை அப்படியே வீணா போச்சு. அந்த ராத்திரிலேர்ந்துதான் சின்ன வார்த்தைய ஒழுங்கா கத்துக்கணும்னு ஆரம்பிச்சேன்.

மொதல்ல நம்ம 'அடி'ய எடுத்துக்குங்க. வெயில் அடிக்குது, பெயிண்ட் அடிக்கிறான், சைக்கிளுக்கு காத்து அடிக்கணும், மணி அடிச்சாச்சு, சேப்பாக்கத்துல செஞ்சுரி அடிச்சாரு, காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டான். இதுல எதையாச்சும் உக்காந்து மனப்பாடம் பண்ணீங்களா? பக்கத்துல வர்ற வார்த்தையோட சேர்த்து காதுல விழுந்துச்சு, நின்னுடுச்சு. ரன்னையும் அதே மாதிரி ஜோடியாதான் புடிக்கணும்.

அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, வார்த்தை எழுதாம முழு வாக்கியமா எழுதுங்க. எதிர்ல தமிழ்ல அர்த்தம்னு எழுதாதீங்க, அந்த இடத்துல நம்ம வீட்ல என்ன சொல்லுவோமோ அத எழுதுங்க. "ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்" – அவளுக்கு ஜுரம் அடிக்குது. பாருங்க, அவங்க ரன் போடற எடத்துல நம்ம அடி வந்து நிக்குது! "ஐயம் ரன்னிங் லேட்" – லேட்டாவுது, வந்துட்டே இருக்கேன்.

அடுத்து, ஓடறது யாரு எதுன்னு பாருங்க. மெஷினோ பஸ்ஸோ படமோன்னா கவலையே இல்ல, நமக்கும் ஓடுதுதான். தண்ணி மாதிரி எதாவதுன்னா ஒழுகுது, கொட்டுது. பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு ஓடறது மட்டுமில்ல, வழிஞ்சு போறதும் அர்த்தமா இருந்துச்சு, அதான் மூக்கும் குழாயும் இன்னிக்கும் ரன் ஆகுது. கடை, ஸ்கூல்னா நடத்தறது. எலக்‌ஷன் இருக்கே, அது எனக்கு ரொம்ப புடிச்சது, அமெரிக்கால ரன் பண்றாங்க, பிரிட்டிஷ்காரங்க ஸ்டேண்ட் பண்றாங்க, நாமளும் நிக்கறோம்.

ரன்னுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற சின்ன வார்த்தை இருக்கே, அந்த வாலுலதான் நெறைய பேர் மாட்டறாங்க. ரன் அவுட்னா நமக்கு சின்ன வயசுலேர்ந்து கிரிக்கெட்தான், ஆனா "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்"னா வீட்ல பால் தீந்து போச்சு. "ரன் இன்டு"க்கு பின்னாடி ஆள் வந்தா எதேச்சையா பாத்தது, செவுரு வந்தா மோதுனது. "ரன் ஓவர்"னா வண்டி ஏத்திடுச்சு, மீட்டிங்ல சொன்னா நேரம் தாண்டிடுச்சு. அவுட், இன்டு, ஓவர், பை, டௌன் இந்த அஞ்சுக்கும் தனித்தனி பக்கம் ஒதுக்குங்க, பாதி கஷ்டம் இங்கேயே தீந்துடும்.

வாரத்துக்கு அஞ்சு வாக்கியத்துக்கு மேல வேணாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல போய் உக்காந்து, கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட டிக்‌ஷனரியா எடுத்து, மேல இருக்கற முதல் நாலஞ்சு அர்த்தத்தையும் கடைசில தனியா கொடுத்திருக்கற வால் வார்த்தைங்களையும் மட்டும் பாருங்க, நடுவுல இருக்கறத அப்பறம் பாத்துக்கலாம். எழுதுன அஞ்சையும் அந்த வாரத்துக்குள்ள வாய்விட்டு யார்கிட்டயாவது சொல்லிடணும், வீட்ல சொன்னாலும் சரி. எங்க வீட்ல என் பொண்ணுதான், காலைல ஃப்ரிட்ஜ திறந்து பாத்துட்டு "அப்பா, மில்க் ரன் அவுட்"ங்கறா, நான் "ஆஃப் எங்கம்மா, முழுசா சொல்லு"ன்னு சொல்லிட்டு பால் வாங்க கெளம்பறேன்.