தெளிகனவு வேண்டுமா? தினமும் முயலாதீர்கள்

'இது கனவுதான்' என்று கனவுக்குள்ளேயே தெரிய வேண்டுமானால், தினமும் முயல்வதை நிறுத்திவிட்டு வாரத்தில் இரண்டே இரவுகள் ஒதுக்குங்கள். மறுநாள் விடுமுறையாக இருந்தால் நல்லது. படுக்கும்போது எதுவும் செய்ய வேண்டாம். ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் அலாரம் வைத்து எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். கடைசியாகக் கண்ட கனவை நினைவுபடுத்தி, "அடுத்த கனவில் இது கனவென்று கண்டுகொள்வேன்" என்று நாலைந்து முறை மனதுக்குள் சொல்லிவிட்டு, அதை மறந்து தூங்கிவிடுங்கள்.

கனவுகள் செறிந்த ரெம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் அது சில நிமிடங்கள்தான், விடியலை நெருங்க நெருங்க நீளும். அதனால் படுத்தவுடன் மல்லுக்கட்டுவது வீண். தெளிகனவை ஆராய்ந்த ஸ்டீபன் லபேர்ஜின் முறையும் எண்ணத்தை விதைப்பதைத்தான் சொல்கிறது. 'வருகிறதா, வருகிறதா' என்று உள்ளே காவல் காத்தால் மூளை விழித்தேயிருக்கும், தூக்கமும் போய்விடும்.

கனவென்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தால் விழிப்பு தட்டிவிடும் (புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்). விழிக்காமல் கனவில் நீடிக்க, கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள்.

தூக்கமின்மை, அடிக்கடி அமுக்குவான் பிடிப்பது (விழித்தும் உடலை அசைக்க முடியாமல் போவது), மனநலச் சிகிச்சை உள்ளவர்களுக்கு இது வேண்டாம். இரவுப்பணி மாறி மாறி வருபவர்களுக்கும் கணக்கு சரிவராது.