மைக்கை நீட்ட முதல் பாடுறவரைக் கேளுங்கோ

வீட்டு அறையில் குரல் பதியத் தொடங்கின ஆட்களுக்கு இது. இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோட இணைக்கிற பெட்டி) எங்க செருகுறது, ரீப்பர் எண்ட பதிவு மென்பொருளில் ட்ராக் எப்பிடித் திறக்கிறது எண்டதெல்லாம் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கு. நான் சொல்லப்போறது ரெக்கோர்ட் பட்டனுக்கு முந்தின அரை மணித்தியாலத்தைப் பற்றி.

முதல் படி: மைக் இல்லாமல் ஒரு பாட்டு

பாடுறவர் வந்து தேத்தண்ணி குடிச்ச பிறகு, தம்புராவை மெல்லமாப் போட்டுவிட்டுப் பாட்டை முழுசாப் பாடச் சொல்லுங்கோ. எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, எண்டு குறியுங்கோ. ஐந்தரைக் கட்டை எண்டு வந்தவ மேல்ஸ்தாயியில் தொண்டையை இறுக்கினால் ஐந்துக்கு இறக்கிப் பாருங்கோ. இப்ப அது ஒரு நிமிச வேலை. தபேலா பதிஞ்ச பிறகெண்டால் அதைப் புதுச் சுருதிக்குத் திரும்பப் பதியவேணும்.

பாட்டுத் தாளில் ரெண்டு இடத்துக்குக் கீறுங்கோ: குரல் ஆக உரத்துப் போற வரி, ஆகப் பதுங்கிற வரி. தேவாரம் பாடிப் பழகின குரலுக்கும் மெல்லிசைக் குரலுக்கும் இந்த இடைவெளியில்தான் பெரிய வித்தியாசம்.

ரெண்டாம் படி: ஒரு காதைப் பொத்துங்கோ

கனபேர் இதைப் பிழையாச் செய்யினம். கதிரையில் தள்ளி இருந்து கேட்டுப்போட்டு "நல்ல குரல்" எண்டு முடிவெடுத்தால், நீங்கள் கேட்டது பாதி குரல், பாதி அறை. ரெண்டு காதும் திறந்திருந்தால் மூளை அறையின்ர எதிரொலியைத் தானே கனக்கக் கழிச்சுப்போடும். மைக்குக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. அதனால ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, மற்றக் காதை மைக் நிக்கவேண்டிய இடத்துக்கு, வாயில இருந்து ஒரு சாண் தூரத்துக்கு, கொண்டுபோங்கோ.

வாய்க்கு நேரே "ப்ப" வாற இடத்தில் காற்று காதில் அடிக்கும். "ஸ" கூர்மையாக் கீறும். கொஞ்சம் பக்கத்துக்கு விலகினால் காற்று தப்பும். நெற்றி உயரத்தில் கேட்டால் "ஸ" வேற மாதிரி, நெஞ்சுப் பக்கம் குனிஞ்சால் குரல் தடிக்கும். அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, காது "இதுதான்" எண்ட இடத்தில் ஸ்டாண்டை வையுங்கோ.

பெண்பிள்ளையின்ர முகத்துக்குக் கிட்ட ஆம்பிளை காதைக் கொண்டுபோறது எங்கட ஊரில் சங்கடம்தான். அப்பிடியெண்டால் மைக்கை ஸ்டாண்டில் போட்டு, அவவோட வந்த ஆளை அதை நகர்த்தச் சொல்லிப்போட்டு, அடுத்த அறையில் ஹெட்போனில் கேளுங்கோ. நான் இப்ப எல்லாருக்கும் இப்பிடித்தான்.

எந்த மைக்? மெத்தை, திரை ஒண்டும் இல்லாத சாதாரண அறையெண்டால் என்ர வாக்கு எஸ்எம்58 மாதிரி, மேடையில் கையில் பிடிச்சுப் பாடுற டைனமிக் மைக்குக்குத்தான். இன்டர்ஃபேஸில் இருந்து 48 வோல்ட் மின்சாரம் கேக்கிற கொண்டென்சர் மைக் "ஸ"வையும் அறையையும் சேர்த்துக் கொண்டுவரும். விலையைப் பார்த்து மயங்காதேங்கோ.

மூன்றாம் படி: அறையும் ஊரும்

ஃபானை நிப்பாட்டி, ஒரு நிமிசம் ஒருத்தரும் கதையாமல் இருங்கோ. திருகோணமலையில் என்னென்ன கேக்கும் எண்டு தெரியும்தானே: காகம், பாண் விக்கிற ஓட்டோவின்ர பாட்டு, கோயில் ஸ்பீக்கர். கச்சான் காற்று வீசிற மாதங்களில் தகரக் கூரை வீட்டில் பகல் பதிவே வேண்டாம். பாடுறவருக்குப் பின்சுவரில் தடிச்ச போர்வை தொங்கவிடுங்கோ. இந்த மாதிரி மைக் முன்னால வாறதைத்தான் கூடப் பிடிக்கும், பின்சுவரில் பட்டு வாறதும் அதுக்கு முன்னாலதான்.

கடைசிப் படி: லெவல்

முதல் கீறின உரத்த வரியைப் பாடவிட்டு, மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் கெயினை (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) வையுங்கோ. உண்மையான பதிவில் ஆக்கள் இன்னும் கொஞ்சம் எடுத்துத்தான் பாடுவினம். 24 பிட்டில் பதிஞ்சால் லெவல் குறைவெண்டு பயப்படத் தேவையில்லை.

பிறகு சேர்த்தது: "இவ்வளவு ஏன் அண்ணை, ஃபோனில் பதிஞ்சு கேட்டால் போதாதோ?" எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். கட்டை பார்க்க, சொல் மறக்கிற இடம் பார்க்கப் போதும். ஆனால் கனக்க ஃபோன்கள் உரத்ததைக் குறைச்சு மெல்லியதை ஏத்தித் தாங்களே சமப்படுத்திப்போடும். நீங்கள் தாளில் கீறின ரெண்டு வரியும் அதில் கிட்டத்தட்ட ஒரே அளவாத்தான் கேக்கும்.