சாணியைப் போலவே மாட்டுச்சலமும் பெறுமதிதான்

பின்னேரம் மாடு கட்டும் இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி விடுங்கள். காலையில் சலத்தில் ஊறின அந்த வைக்கோலைச் சாணியோடு சேர்த்து எருக்கும்பியில் போட்டு, மேலே கிடுகால் மூடுங்கள். செலவே இல்லை, சூடடித்த வைக்கோல்தான்.

மாடு வெளியே விடும் தழைச்சத்தில் (நைதரசனில்) ஏறக்குறைய பாதி சலத்தில்தான் போகிறது. நாமோ சாணியை மட்டும் அள்ளி, சலத்தை நிலத்துக்கு விட்டுவிட்டு, யூரியாவைக் காசு கொடுத்து வாங்குகிறோம்! வைக்கோல் அந்தச் சலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மூக்கில் ஏறும் அந்தக் காரமான மணம், சத்து அமோனியாவாகக் காற்றில் போவதன் அடையாளம். வைக்கோல் போதுமானால் அது நன்றாகக் குறையும். கிடுகு எதற்கென்றால், கச்சான் காற்று கும்பியைக் காயவைக்கும், மாரி மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் அதே கிடுகு.

கும்பி இடுப்பளவுக்காவது உயர வேண்டும். இரும்புக்கம்பியொன்றைக் குத்தி, பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. ஈரமாக இருந்தும் சூடு தணிந்துவிட்டால் ஒருதரம் புரட்டிப் போடுங்கள்.

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் போல வெளியில் பட்டி அடைப்பவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் பட்டியை வயலுக்குள் இடம் மாற்றி மாற்றி அடைப்பதே நல்லது. ஓரிரண்டு ஆடு மட்டும் வைத்திருந்தாலும் கும்பி சூடேறாது. நிலாவெளி வெங்காயப் பாத்திக்குப் போடுவதென்றால், வைக்கோல் இன்னும் வைக்கோலாகவே தெரியும் எருவைத் தொடவேண்டாம்.